தோசைக்கல்லில் சூடேறிய எஞ்சின்

கோம்பை மலையடிவாரத்து மண் தடத்தில் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் என் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கின் எஞ்சினை, போன ஆடியில் வீட்டிலேயே பிரித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, கிராங்க் பேரிங்கை மாற்றும்வரை. புதுப் பேரிங் எஞ்சினின் அலுமினியக் கூட்டுக்குள் இறங்க மறுத்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது, சுத்தியலை எடுத்தேன்.

"என்னத்துக்கு இந்த அடி அடிக்கிறீக?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"பேரிங்கக் குளிர வச்சு, கூட்டச் சூடாக்கணும். எம்புட்டுச் சூடுன்னு நீ சொல்லுவியா?" என்று எரிந்து விழுந்தேன்.

 அவள் பேரிங்கைப் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தாள். நான் சோப்புப் போட்டுக் கழுவியிருந்த கூட்டைத் தோசைக்கல்லில் ஏற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். தோசைக்குப் பதம் பார்ப்பதுபோல அவ்வப்போது கூட்டின் மேல் விரலால் தண்ணீர் தெளித்தாள். முதலில் துளிகள் சும்மா கிடந்தன. கடைசியில் சுர்ரென்று பொரிந்து மறைந்தன.

"இப்பப் போடுங்க."

நான் பேரிங்கைத் தள்ளக்கூட இல்லை. வைத்ததும் தானாக இறங்கி, டொக்கென்று உட்கார்ந்தது. எத்தனையோ எஞ்சின் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அவ்வளவு அழகாக எதுவும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலை முதல் தோசை என் தட்டில் விழுந்தது. எஞ்சின் ஆயில் வாசம் தூக்கலாக அடித்தது. மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று கேட்டேன்.