சுவீடன்காரரின் கழுத்து

1. கால்களில் இருந்த கதை

கொட்டாஞ்சேனையில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தில் நான் மசாஜ்காரனாக வேலை செய்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். மைதானத்துப் படிக்கட்டுகளுக்குக் கீழே எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் ஒரு மரமேசை, ரெக்சின் விரிப்பு, தைலப் போத்தல்கள், பண்டேஜ் சுருள்கள். மெட்ச்சுக்கு முன்னும் பின்னும் விளையாடுபவர்களின் கால்களைப் பிடித்துவிட வேண்டும். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிற எனக்கு இது தோதான வேலை. மேசையில் படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிமார் அனுபவம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பார்கள். எனக்குச் சொல்ல வருவதில்லை. எழுதினால் வரும்போல இருக்கிறது. அதனால் மத்தியாஸைப் பற்றி எழுதுகிறேன்.

மத்தியாஸ் சுவீடன்காரர். நடுக்களத்தில் விளையாடுகிற மிட்ஃபீல்டர். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. எங்கள் கழகத்துச் செக்ரட்டரி சிவநேசன் சேர் அவரைத் தன் வெள்ளவத்தை வீட்டு மேல்மாடியில் தங்கவைத்து, அடுத்த நாளே என் அறைக்குக் கூட்டிவந்தார்.

"செல்வராஜ், ஆள் ஐரோப்பாவில விளையாடினவர். கவனமாப் பிடியும். காலைக் கழட்டிக் கையில குடுத்துப்போடாதையும்."

சேர் போனதும் மத்தியாஸ் மேசையில் படுத்தார். நான் தைலத்தை எடுத்துக்கொண்டு திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். எத்தனையோ கால்களைப் பிடித்திருக்கிறேன். இப்படி அடிபட்ட கால்களைக் கண்டதில்லை. ஆனாலும் தசைகள் ஒரு பையனுடையவை போல மிருதுவாக இருந்தன. நல்ல தசை ஓய்வில் இருக்கும்போது பஞ்சு மாதிரி இருக்கும். அது வேலை தெரிந்த கால்.

அவருடைய பணி வாழ்க்கையை அந்தக் கால்களிலிருந்துதான் அறிந்துகொண்டேன். ஒவ்வொரு தழும்பிலும் என் விரல் நிற்கும்போது அவர் சுருக்கமான ஆங்கிலத்தில் சொல்வார். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். இடது கணைக்காலில் ஒரு பள்ளம். அது பதினாறு வயதில், பனி உறைந்த தன் ஊர் மைதானத்தில், பெரியவர்களோடு விளையாடிய முதல் மெட்ச்சில் கிடைத்தது. வலது முழங்காலில் தைத்த சாக்குமூட்டை போல ஒரு நீளத் தழும்பு. டென்மார்க்கில் விளையாடிய காலத்தில் தேசிய அணிப் பயிற்சிக்கு அழைப்பு வந்த அதே வாரத்தில் அந்த முழங்கால் போனது. பிறகு அவரை யாரும் அழைக்கவில்லை. கணுக்கால் வீக்கம் ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் வந்தது. பெருவிரலில் நகம் இல்லை. அது சைப்பிரஸின் கல்லுத் தரைக்குப் போனது.

"எத்தனை கோல் அடிச்சீங்க?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் சிரித்தார். "கொஞ்சம். கோல் அடிப்பவனுக்கு ஒருவன் பந்து கொடுப்பான் இல்லையா? அவனுக்குப் பந்து கொடுப்பவன் நான்."

2. பின்னால யாரும் வரல்ல

முதல் மெட்ச்சிலேயே சனம் சிரித்தது. மத்தியாஸ் பந்துக்குப் பின்னால் ஓடவில்லை. நடந்தார். நடக்கும்போது தலையை வலப்பக்கம் திருப்பித் தோளுக்கு மேலால் பின்னே பார்ப்பார். பிறகு இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். பந்து எங்கோ இருக்கும், அவர் எங்கோ பார்ப்பார். பந்து காலுக்கு வந்த உடனே தட்டிவிடுவார். அது போய் விழுகிற இடத்தில் எங்கள் ஆள் ஒருவரும் இருக்கமாட்டார்.

படிக்கட்டிலிருந்து ஒருவன், வெள்ளைக்கார அண்ணன் என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கத்தினான்: "சுத்தா அய்யே, பின்னால நாய் ஒண்ணும் வரல்ல. பயப்படாம வெளாடு."

"நாய்க்கில்ல மச்சான், பொண்டாட்டிக்குத்தான் பயம்" என்றான் இன்னொருவன்.

இரண்டு மெட்ச் தோற்றோம். சிவநேசன் சேர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"செல்வராஜ், உந்த மனிசனைப் பார்த்தனீரே? நிமிசத்துக்கு நிமிசம் திரும்பித் திரும்பிப் பாக்கிறார். உது கழுத்து நரம்புக் கோளாறு. என்ர மச்சானுக்கும் உப்பிடித்தான் தொடங்கினது."

"இல்லீங்க சேர், அவரு கழுத்து..."

"நீர் காலைப் பாரும். கழுத்துக்கு ஆள் இருக்கு."

எங்கள் ஆட்களின் பழக்கம் அது. ஒருவருக்கு நோ என்று தோன்றினால் எண்ணெயோடு போய்விடுவோம். நோகிறதா என்று கேட்பது பிறகுதான். சேர் கெட்ட மனிதர் அல்ல. தன் வீட்டில் தங்கியிருக்கிற அந்நியருக்கு ஒன்று ஆகிவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு. கொலன்னாவையில் தனக்குத் தெரிந்த வைத்தியரிடம் போய் எண்ணெயும் பச்சிலைப் பத்தும் வாங்கிவந்தார். நான் எண்ணெய் பூசி, பத்துப் போட்டு, வெள்ளைத் துணியால் கழுத்தை இறுக்கிக் கட்டினேன். சேர் பக்கத்தில் நின்று, "இன்னும் இறுக்கும், இன்னும் இறுக்கும்" என்றார். மத்தியாஸ் மறுக்கவில்லை. கட்டி முடிந்ததும் எழுந்து நின்று கைகூப்பி, "மிக்க நன்றி" என்று எங்கள் இருவருக்கும் சொன்னார். அவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கட்டோடுதான் அடுத்த பிராக்டிஸுக்கு இறங்கினார். பார்க்கப் பாவமாக இருந்தது. பின்னால் வந்தவன், பக்கத்தில் வந்தவன், புதிதாகச் சேர்ந்தவன் எல்லாரும் அவர் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். கோச் நிசாம் மாளிகாவத்தைக்காரர். எதற்கும் சத்தம் போடுகிற மனிதர். அன்று சத்தமே போடவில்லை. என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"செல்வா, நேத்து வரைக்கும் யாராச்சும் இந்தாள்ட பந்தப் பறிச்சத நீ கண்டீயா?"

நான் யோசித்தேன். "இல்ல கோச்."

"நானும் காணல்ல. இன்னைக்கு எல்லாப் பயலும் பறிக்கிறான். கழுத்தக் கட்டினா காலு வேல செய்யல்ல." அவர் தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "அந்தாளு பயத்துல திரும்பல்ல செல்வா. நாங்கதான் மாடு மாதிரி பாத்துட்டு இருந்தம்."

ஆனால் அதே பிராக்டிஸைப் பார்த்த சிவநேசன் சேருக்கு வேறு விதமாகப் பட்டது.

"நான் சொன்னனான் எல்லே? வருத்தம் முத்திப்போச்சு. ஞாயிறு மெட்ச் முடிய ஆளை ஊருக்கு அனுப்புவம். அந்த மெட்ச்சிலயும் இறக்க வேண்டாம். வெளிநாட்டுப் பிள்ளை இங்க விழுந்து கழுத்தை முறிச்சா, தாய்தேப்பனுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

3. கட்டு அவிழ்ந்த பின்னேரம்

அன்று பின்னேரம் மத்தியாஸ் மேசையில் வந்து படுத்தார். ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற செய்தி அவருக்குப் போய்ச்சேர்ந்திருந்தது. பிறகு தானாகவே சொன்னார்.

அவர் ஊர்க் கழகத்தில் கடைசியாக விளையாடிக்கொண்டிருந்தபோது, விடுமுறையில் மீன்பிடிக்கப் போன இடத்தில் தொலைபேசி அழைப்பு வந்ததாம். அடுத்த பருவத்துக்கு நீ வேண்டாம் என்று. அதற்கு முன் ஆடிய மெட்ச்தான் அவருடைய கடைசி மெட்ச். ஆனால் ஆடும்போது அது அவருக்குத் தெரியாது. ஏதோ ஒரு மழைநாள், ஏதோ ஒரு தோல்வி, பஸ்ஸில் நித்திரை. சிறுவயதிலிருந்து செய்த வேலை அப்படி முடிந்துபோனதை அவரால் தாங்க முடியவில்லை. இதுதான் கடைசி என்று தெரிந்து ஒரு மெட்ச் ஆட வேண்டும். அதற்காகத்தான் யாரும் அறியாத எங்கள் கழகத்துக்கு, இந்த வெயிலுக்கு வந்திருக்கிறார்.

நான் கால் பிடிப்பதை விடாமல் செய்தேன்.

அவர் தயங்கியபடி கழுத்தைத் தொட்டார். "ஒன்று கேட்கலாமா? இந்த வரவேற்புத் துணியை எத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும்? முன்பே கழற்றினால் சேர் மனம் நோவாரா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த தைலப் போத்தலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மனிதர் அதை விருந்தாளிக்குக் கட்டுகிற மரியாதைத் துணி என்று நினைத்திருக்கிறார். அந்த மணத்தையும் அரிப்பையும் மரியாதைக்காகப் பொறுத்திருக்கிறார்.

"வெல்கம் இல்ல" என்றேன். "மெடிசின். யூ, நெக் பெயின்."

"எனக்கா? எனக்குக் கழுத்தில் ஒன்றுமே இல்லையே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு சிரிக்கத் தொடங்கினோம். நான் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம். கத்தரிக்கோலை எடுத்து, யாரையும் கேட்காமல் கட்டை வெட்டினேன்.

"அப்ப ஏன் திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க?" என்று கையால் காட்டிக் கேட்டேன்.

அவர் என் தோளைப் பிடித்து மைதானத்தின் நடுவுக்குக் கூட்டிப்போனார். பொடியன்கள் சிலர் இன்னும் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடச் சொன்னார். உன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இடப்பக்கம்? அதுவும் தெரியவில்லை. இத்தனை வருடம் புழங்குகிற மைதானம் இது.

பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். பின்னால் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து தண்ணீர் குடிக்கிறார். வலப்பக்கம் குட்டையானவர் பூட்ஸ் கட்டுகிறார், அவருக்கும் கோட்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. மூலைக்கொடியில் ஒரு காகம். கேட்டில் த்ரீவீல் ஆட்டோ ஒன்று திரும்புகிறது, இப்போது போய்விட்டிருக்கும். நான் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் அவர் சொன்னபடி இருந்தது. த்ரீவீல் போய்விட்டிருந்தது.

கோயிலில் நிற்கும்போது வருகிற ஒரு சிலிர்ப்பு உடம்பில் ஓடியது. பந்து வருவதற்கு முன்பே இந்த மனிதர் மைதானம் முழுவதையும் தலைக்குள் வாங்கிவைத்துக்கொள்கிறார். ஆட்கள் இருக்க வேண்டிய இடத்துக்குப் பந்தை அனுப்புகிறார். எங்கள் ஆட்கள்தான் அங்கே போகாமல் இருந்தார்கள்.

4. ஞாயிற்றுக்கிழமை மெட்ச்

அது பருவத்தின் கடைசி மெட்ச். சமன் செய்தால் பிரிவில் இருப்போம். தோற்றால் கீழே இறங்குவோம். இடைவேளையில் ஒரு கோல் பின்னால் இருந்தோம். மத்தியாஸ் பெஞ்சில் இருந்தார்.

நிசாம் கோச், சிவநேசன் சேரிடம் வந்தார். "சேர், அவர எறக்கப்போறன்."

"கழுத்து?"

"செல்வாட்ட கேளுங்க."

சேர் என்னைப் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று எப்படியோ வந்தது. "கழுத்துக்கு ஒண்ணும் இல்லீங்க சேர். நம்ம நெனச்சதுதான் பிழை. நான் பொறுப்பு."

"பிடிக்கிற கை சொல்லுது. சரி, இறக்கும்" என்றார் சேர்.

கோச் விளையாடுபவர்களைக் கூப்பிட்டு ஒன்றுதான் சொன்னார். "மத்தியாஸ் எங்க பாக்குறாரோ அங்க ஓடு. பந்து வரும். ஏன் எதுக்குன்னு என்னட்ட கேக்காத."

இரண்டாம் பாதியில் நான் பந்தைப் பார்க்கவில்லை. அவர் தலையைத்தான் பார்த்தேன். வலம், இடம், வலம். அவர் எங்கே போய் நின்றாலும் பந்து அவரைத் தேடி வந்தது. ஒரு தொடுதல்தான். முதுகுக்குப் பின்னால் ஓடிவந்தவனுக்கு, திரும்பாமலே, தட்டிவிட்டார். முதல் தடவை பந்தைக் கண்டு எங்கள் பொடியனே திகைத்து விழுந்தான். அடுத்த தடவை விழவில்லை.

கோல் வந்ததும் அப்படித்தான். மத்தியாஸ் இடப்பக்கம் பார்த்தார், அங்கே ஒருவன் ஓடினான், பந்து அவனுக்கு முன்னால் போய்ச்சேர்ந்தது. அவன் அதைக் கோல் வாசலுக்கு முன்னே தட்டிவிட்டான், இன்னொருவன் கோல் போட்டான். சனம் கோல் போட்டவன்மேல் பாய்ந்தது. மத்தியாஸ் நடுக்களத்தில் தனியாக நின்று, மறுபடியும் தோளுக்கு மேலால் பின்னே பார்த்துக்கொண்டிருந்தார். மெட்ச் சமனில் முடிந்தது.

சிவநேசன் சேர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த சீசனும் நில்லும். வீடு இருக்கு, சாப்பாடு இருக்கு. கழுத்தைப் பற்றி இனி ஒரு சொல் கதைக்கமாட்டன்."

மத்தியாஸ் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு சொன்னார்: "இல்லை சேர். இது கடைசி. உள்ளே இறங்கும்போதே எனக்குத் தெரியும்."

பிறகு என் அறைக்கு வந்து வழமைபோல மேசையில் படுத்தார். நான் தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு நின்றேன். அதுவரை நான் பிடித்த கால்கள் எல்லாம் அடுத்த மெட்ச்சுக்குப் போக வேண்டியவை. பிடிப்பு இருந்தால் எடுப்பேன், வீக்கம் இருந்தால் அமுக்குவேன், சீக்கிரம் களத்துக்கு அனுப்புவேன். இந்தக் கால்களுக்கு அடுத்த மெட்ச் இல்லை. சரிசெய்ய ஒன்றும் இல்லை. ஆனாலும் கை அவசரப்படவில்லை. கணைக்காலில் தொடங்கி முழங்கால், கணுக்கால், நகமில்லாத விரல் என்று மெதுவாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒருவர் உங்கள் மேசையில் படுத்தால், நோகிறதா என்று முதலில் கேளுங்கள். அடுத்த மெட்ச்சை மறந்துவிட்டுப் பிடியுங்கள். அதுவரை அந்தக் கால்கள் ஓடிய தூரத்துக்காகப் பிடியுங்கள். அன்றிலிருந்து நான் எல்லாக் கால்களையும் அப்படித்தான் பிடிக்கிறேன்.