செம்பருத்திக்கு ஊற்றிய சோப்புத் தண்ணீர்

எங்கள் வீட்டுப் பின்புறச் செம்பருத்தி கூரைவரை மரமாகவே வளர்ந்திருந்தது. அதில் மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் போய்விடும் என்றார்கள். பட்டு நெசவு நடக்கும் ஆரணியில் அதற்கா பஞ்சம்! கணவர் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து மிச்சமான தண்ணீரை ஆறவைத்துத் தெளித்தேன். மீதியை வேரிலும் ஊற்றினேன். சோப்பும் சோடாவும்தானே என்று நினைத்தேன்.

சில நாளிலேயே மொட்டுகள் உதிர்ந்தன, இலைகள் கருகின. கணவர் பதறினார். "நூல்ல இருக்கிற பசையையே கரைக்கிற தண்ணிம்மா அது! அத எடுத்துகினு போயி வேர்ல ஊத்துவியா?"

குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றியும் கண்ணெதிரே இலை கொட்டியது.

இப்போது அந்தத் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகிறது. "வெட்டிடலாம்" என்கிறார் கணவர். உள்ளே உயிர் இருக்கிறதா என்று நான் தினமும் மரப்பட்டையை நகத்தால் கீறிப் பார்க்கிறேன். பச்சை தெரியவில்லை. "நாளைக்குப் பாக்கலாங்க" என்கிறேன்.