தேயாத பிள்ளையார் சோப்பு

எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு வேலையைத் தொட்டால் மற்றவர்களுக்குக் கை சும்மா இருக்காது. அம்மா ரசம் வைத்தால் அப்பா வந்து மூடியைத் திறந்து பார்த்து உப்புப் போடுவார். அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்தால் அம்மா வந்து டயரை அமுக்கிப் பார்த்து இன்னும் நாலு அடி அடிக்கச் சொல்லுவாள். அத்தை சோப்பு செய்ய ஆரம்பித்தபோதும் இந்தக் கூத்துதான் நடந்தது. இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

அத்தை அப்பாவின் தங்கை. ஆலங்காயத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் ஆறாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள் துணிப்பையோடு மலைமேல் இருக்கும் எங்கள் ஜமுனாமரத்தூருக்கு வரும் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்றார்கள். மாமா குடிப்பார், குடித்தால் அத்தைமேல் அவர் கை நீளும் என்பது எங்கள் வீட்டில் எனக்குக்கூடத் தெரியும். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் அத்தைக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்கிறது என்று அம்மா சொல்லிவைத்தாள்.

வந்தவள் சும்மா உட்காரவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே வெயிலில் நின்றுகொண்டு வீடியோ பார்த்துப் பார்த்தே சோப்பு செய்யக் கற்றுக்கொண்டாள். தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, எங்கள் மலைத்தேன். காஸ்டிக் சோடாவைக் கரைக்கும்போது என்னைப் புழக்கடைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிடுவாள். முதல் சோப்பை என் பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் ஊற்றினாள். அது வெளியே வர மறுத்துவிட்டது. கத்தியால் தோண்டித் தோண்டி எடுத்தோம். வந்தது சோப்பா, உடைத்த வெல்லமா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் தேய்த்தால் நன்றாக நுரைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார்.

"சோப்பு வித்து உன் கைச்செலவுக்கு வருதுன்னு ஆய்ட்டா, நீ இங்கியே இருந்துக்கம்மா. யாரு வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

அத்தை அன்று சாப்பிடும்போது இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். வந்ததிலிருந்து அப்படிக் கேட்டதில்லை.

அதற்கேற்ப ஒரு ஆர்டரும் வந்தது. எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் புது வீடு கட்டி முடித்திருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கொரு தேன் சோப்பும் போட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். ஊரே வரப்போகிற விசேஷம். ஒரு முறை போட்டுக் குளித்துப் பார்த்தால் ஊரே திரும்பி வரும் என்று அத்தை கணக்குப் போட்டாள்.

அதற்கு நல்ல அச்சு வேண்டும். சிலிகான் அச்சு என்று ஒன்று இருக்கிறது, ரப்பர் மாதிரி வளையும், ஓரத்தைப் பிடித்துப் பிரித்தால் சோப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அப்பா எங்கள் மளிகைக் கடைக்குச் சாமான் எடுக்க அடிக்கடி வேலூர் போகிறவர். அவரை உட்காரவைத்து அத்தை பாடமே எடுத்தாள். செங்கல் மாதிரி நீளமான பெட்டி அச்சாக இருக்க வேண்டும். சுவர் தடிமனாக இருக்க வேண்டும். ஓரத்தைக் கிள்ளி முறுக்கிப் பார்க்க வேண்டும், கிள்ளிய இடம் வெளுத்தால் கலப்படம், வாங்கக்கூடாது. முக்கியமாக, அச்சு உள்ளே உட்காருகிற மாதிரி மரப்பெட்டியும் சேர்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சோப்புக் கூழ் ஊற்றியதும் சிலிகான் இரண்டு பக்கமும் தொப்பை போட்டுவிடும்.

"மல மேல இருந்துகினு மரத்த காசு குடுத்து வாங்கினு வரச் சொல்றியா?" என்றார் அப்பா.

அடுத்த முறை வேலூர் போனவர் மறந்துவிட்டார். அதற்கு அடுத்த முறை கடை பூட்டியிருந்ததாம். அதற்கும் அடுத்த முறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். சோப்பு காய வாரக்கணக்கில் ஆகும். நாள் நெருங்க நெருங்க அத்தை காலண்டரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு சாயங்காலம் அப்பா ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் செங்கல்லும் இல்லை, பெட்டியும் இல்லை. தட்டையான ஒரு சிலிகான் தகடு. அதில் வரிசையாகப் பிள்ளையார்கள், தும்பிக்கையும் தொந்தியுமாகக் குழிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் கேட்டது இன்னா, நீ வாங்கினு வந்தது இன்னாண்ணா?"

"விசேஷத்துக்குக் குடுக்கறது. மங்களகரமா இருக்கட்டுமே" என்றார் அப்பா.

அத்தை ஓரத்தைக் கிள்ளினாள். பளிச்சென்று வெளுத்தது. மாற்றி வாங்க நாள் இல்லை. அதற்குள் அம்மா, பிள்ளையார் முகம் எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டாள். அப்பா போகிற போக்கில் டீச்சரிடமும் காட்டிவிட்டு வந்திருந்தார். டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்க அங்கே ஆள் இல்லை.

அதன் பிறகு நடந்ததை யோசித்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. பிள்ளையார் அச்சு தரையில் நிற்காது. அடியில் பத்துத் தொந்தி புடைத்துக்கொண்டிருந்தால் எப்படி நிற்கும்? ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் தூக்கியது. அடியில் பலகை வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், ஊற்றியபின் பலகையோடுதான் தூக்க வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். பலகை எங்கே? மரம் நிறைந்த மலையில் எங்கள் வீட்டில் ஒரு பலகை இல்லை. என் பரீட்சை அட்டையைப் பிடுங்கி அடியில் வைத்தார்கள். அத்தை ஊற்றி முடித்துவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில், வெயில் படுகிறது என்று அப்பா அச்சை மட்டும் இரண்டு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். அது நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது. பாதிக் கூழ் தரையில் போயிற்று. மீதி கெட்டியாகி வந்தபோது ஒரு பிள்ளையாருக்குத் தும்பிக்கை இல்லை, இன்னொருவருக்குத் தலையே சாய்ந்திருந்தது.

"பிள்ளையார் புடிக்கக் கொரங்காப் போச்சே" என்றாள் அம்மா. அத்தை திரும்பிப் பார்த்த பார்வையில் அம்மா உள்ளே போய்விட்டாள்.

அத்தை பிறகு யாரையும் கேட்கவில்லை. கடையிலிருந்து சாமையை அள்ளிக்கொண்டு வந்து பெரிய தாம்பாளத்தில் பரப்பினாள். அதன்மேல் அச்சை வைத்து மெதுவாக ஆட்டினாள். தொந்திகள் ஒவ்வொன்றும் சாமைக்குள் இடம் தேடிப் போய் உட்கார்ந்தன. அச்சு மட்டமாக நின்றது. ஓரங்களிலும் சாமையைக் குவித்து அணை கட்டினாள். அப்புறம் ஊற்றினாள். தாம்பாளத்தோடு தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தி, கதவுக்கு முன்னால் தானே உட்கார்ந்துகொண்டாள். அப்பா இரண்டு முறை வந்து, திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். அவள் கதவை விட்டு நகரவில்லை. மறுநாள் பிரித்தபோது பிள்ளையார்கள் காது நுனிகூடச் சிதையாமல் வந்தார்கள். இப்படியே திரும்பத் திரும்ப ஊற்றி எடுத்தாள். அந்தச் சாமையை அம்மா வீணாக்க மனசில்லாமல் கழுவிப் பொங்கினாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வாயில் சோப்பு வாடை அடித்தது.

கிரகப்பிரவேசத்தில் பிள்ளையார்களுக்கு ஏகப்பட்ட பாராட்டு. எல்லோரும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மோந்து பார்த்தார்கள். அத்தை புதுப்புடவை கட்டிக்கொண்டு பந்தலில் நின்றாள். இனி ஆர்டர் வரும் என்று வீட்டுக்கு வந்து காத்திருந்தாள்.

ஒருவரும் வரவில்லை. அத்தைக்குப் பொறுக்கவில்லை. மோர் கேட்கிற சாக்கில், கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். போன வீட்டிலெல்லாம் சோப்பு சாமி மாடத்தில் இருந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, பூ வைத்து, சில வீட்டில் எதிரே ஒரு வாழைப்பழமும் வைத்திருந்தார்கள்.

"குளிக்கலயா டீச்சர்?" என்று கேட்டாள் அத்தை.

"சாமிய எப்டிம்மா அக்குள்ல தேய்க்கறது?" என்றார் டீச்சர். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவரே கொஞ்சம் சங்கடப்பட்டார்.

எங்கள் தெருவில் ஒருவர் விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் முறைப்படி கரைக்க வேண்டும் என்று தன் சோப்பைக் கொண்டுபோய்ப் பொதுக்கிணற்றில் போட்டுவிட்டார். அதன் பிறகு தண்ணீரில் எந்த வாடை வந்தாலும் பழி அத்தைமேல் விழுந்தது. இவ்வளவு பெரிய கிணறு ஒரு சோப்புக்கு நாறுமா என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

"தேஞ்சாத்தானேண்ணா அடுத்தது வாங்குவாங்க. இது எந்தக் காலத்துல தேயறது? எனக்கு ஒரு சாதாப் பெட்டி அச்சு வாங்கிக் குடு. நான் பொழச்சிக்கிறேன்" என்றாள் அத்தை.

பார்க்கலாம் என்றார் அப்பா. அவர் மறுபடி வேலூர் போனார், வந்தார். நானே போகிறேன் என்று அத்தை கிளம்பியபோது, தனியாக எங்கே போவாய், அடுத்த வாரம் நானே கூட்டிப் போகிறேன் என்று தடுத்தார். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஆலங்காயத்திலிருந்து மாமா வந்துவிட்டார், கூட இரண்டு பெரியவர்கள். மாமா சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அப்பா அவர்களிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சோப்பு செய்தாள், நானும் வேண்டியதை வாங்கிக் கொடுத்தேன், ஓடவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்றார். அத்தை சுவரில் சாய்ந்து நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பஸ்ஸுக்கு அப்பாவே அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். பஸ் திரும்புகிற வரைக்கும் நான் கை ஆட்டினேன். அத்தை என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அச்சு கேட்டால் அச்சு வாங்கத் தெரியாத அப்பா, சாமிக்கும் சோப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஊர், இவர்களிடம் போய் மாட்டிக்கொண்டாளே, எவ்வளவு துரதிர்ஷ்டம் பிடித்தவள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், பள்ளி விட்டு நான் கடையில் இருந்தபோது, புதிதாக ஒரு சோப்புக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். மாதிரிக்கு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். சந்தன நிறம், நல்ல வாசனை, நடுவில் தாமரையோடு லட்சுமி பதிந்திருந்தாள். ஒரு பெட்டி இறக்கிவிட்டுப் போகிறேன், விற்றபின் காசு கொடுங்கள் என்றார். அப்பா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"சாமி உருவத்த எவன் ஒடம்புல தேய்ப்பான்? ஒருத்தன் வாங்கினு போனாலும் பூஜையில வெச்சிடுவான். மறுபடி அவன் சோப்புக்கு வரமாட்டான். இது எனக்கு இன்னிக்கி நேத்தாப்பா தெரியும்?" என்றார்.

நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன். அந்த ஆள் பெட்டியைத் திரும்பக் கட்டியதைப் பார்த்தேன். எங்கள் அப்பாவுக்கு வியாபாரம் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த வருடம் வரைக்கும் அந்தப் பெருமை இருந்தது.