டாஷ்போர்டு ஸ்பீக்கரும் ஆரோக்கியம் அண்ணனும்

ஆரோக்கியம் அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்காவின் அழைப்பு என் போனுக்குத்தான் வந்தது. தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். "வசந்தா, அவரு போயிட்டாரும்மா. காபி ஆறுதேன்னு எழுப்பப் போனேன், எழுந்துக்கல" என்றார். பிறகு, "கலியமூர்த்திகிட்ட நீயே சொல்லிடு. எனக்குத் தெம்பு இல்ல" என்றார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். தன் அம்மா இறந்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், அண்ணாமலை நகரிலிருந்து கடலூர் வரைக்கும் பஸ்ஸில் வாய்விட்டு அழுதுகொண்டே வந்தார். பக்கத்து இருக்கையில் நான். எனக்கென்றால் இப்படி அழுவாரா என்றுதான் அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதினால் ஆரோக்கியம் அண்ணனே சிரிப்பார். அவர்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

ஆரோக்கியசாமியும் என் கணவரும் சிதம்பரத்தில் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள். ஓய்வு பெற்றதும் அண்ணன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தன் வீட்டுக்குப் போய்விட்டார். சேத்தியாத்தோப்பில் ஒரு டாக்டர் ஷெட்டில் போட்டுவைத்திருந்த பழைய அம்பாசிடரை வாங்கி, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்தார். அவரை அறிந்த எல்லோருக்கும் அந்தக் கிரீம் நிறக் காரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் கணவர் கடலூர் பஸ் ஏறிவிடுவார். இருட்டிய பிறகுதான் திரும்புவார், விரல் நகங்களில் கிரீஸுடன்.

வீட்டில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்த காலம் அது. மதியத்துக்கு என்ன சமைக்க என்று கேட்டால் பதில் இருக்காது. மகள் பெங்களூரிலிருந்து பேசினால் போனை என்னிடம் நீட்டிவிடுவார். ரிட்டயரான ஆண்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் நம்பினேன், திருவந்திபுரம் போய்வரும் வரைக்கும்.

மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்கு அங்கே பெருமாள் கோயிலில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. "கார் சும்மாத்தான நிக்குது, போலாம் வாங்க" என்று அண்ணன் கூட்டிப்போனார். ஆண்கள் முன்னால், ஸ்டெல்லா அக்காவும் நானும் பின்னால். வழியெல்லாம் என் கணவர் பேசினார். கேலி செய்தார், தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது! பின்சீட்டில் உட்கார்ந்து அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். வேண்டுதலை முடித்துவிட்டுத் திரும்புகையில் காரின் ரேடியோ கரகரவென்று இருமி அடங்கியது. டாஷ்போர்டுக்குள் இருந்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துபோயிருந்தது. "நல்லா வேணும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது என் கஷ்டகாலம். கதவில் ஓட்டை போட்டுப் புது ஸ்பீக்கர் வைத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. "அதுக்குன்னு ஒரு எடம் வெச்சிருக்கான். அதே எடத்துல அதே மாதிரி வெச்சாதான் அது அந்தக் காரு" என்றார். அந்த அளவில், முட்டை வடிவத்தில், ஒன்றைத் தேடி இருவரும் புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் வாரக்கணக்கில் அலைந்தார்கள். எங்கள் வீட்டு மிக்சி ஜாருக்கு ஒரு வாஷர் வாங்கித் தரச் சொல்லி நான் மாசக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் கிடைத்த அன்று என் கணவர் அதை என் புதுத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து அழகு பார்த்தார். "ஒண்ணு கேட்டேனே, வாஷரு?" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு நானும் வருவேன் என்று கிளம்பினேன். சண்டை போடத்தான் போனேன்.

வாசலில் பாதாம் மரத்தடியில் கார் நின்றது. பழைய ஸ்பீக்கரைக் கழற்றியிருந்தார்கள். புதியதை வைத்துப் பின்பக்கமாக நட்டு முடுக்க வேண்டும். அண்ணனின் பருத்த கையும் சரி, என் கணவரின் கையும் சரி, அந்தச் சந்துக்குள் போகவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, ஒங்க கை சின்னக் கை. கொஞ்சம் வர்றீங்களா?"

வளையலைக் கழற்றி வைத்துவிட்டு முன்சீட்டில் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். என் கணவர் டார்ச் பிடித்தார். "லைட்ட இந்தப் பக்கம் காட்டுங்க" என்றேன். காட்டவில்லை. மறுபடியும் சொன்னேன், அசையவில்லை. அண்ணன் அவர் தோளைத் தொட்டு முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "மச்சான், லைட்டு இப்படி" என்றார். உடனே வெளிச்சம் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொன்னால் ஏறாதது அவர் சொன்னால் மட்டும் ஏறுகிறது! ஆத்திரத்திலேயே நட்டுகளை முடுக்கினேன்.

அண்ணன் ரேடியோவைப் போட்டார். எண்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. குமிழை முழுக்கத் திருகினார். சத்தமே இல்லை. ஒயர் எங்கோ விட்டுப்போயிருந்தது. என் கணவர் விளக்கைப் பார்த்தார், குமிழைத் திருகிய கையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக, "சூப்பர் மச்சான்! சும்மா கணீர்னு இருக்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "மச்சான், போயி டீ வாங்கிட்டு வா" என்று அவரை அனுப்பிவைத்தார்.

"எவ்ளோ நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும். இடது காது சுத்தமா இல்ல. வலதுலயும் கொறைஞ்சிகிட்டு வருது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டான் தங்கச்சி. கெழவனாயிட்டான்னு நீங்க நெனச்சிடுவீங்களாம்."

"நீங்க சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நீங்க டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவீங்க, அவன் வரமாட்டான், வீட்டுல தெனம் ரகளை. அவனுக்கா தோணட்டும்னு நான் கூட உக்காந்துகிட்டு இருந்தேன். எனக்கு வேற இன்னா பண்றதுன்னு தெரியல."

காரில் ஓட்டுபவரின் பக்கம் இருப்பது என் கணவரின் வலது காது. அதனால்தான் அங்கே அத்தனை பேச்சும் சிரிப்பும். நானோ சமையலறையிலிருந்து அவருடைய முதுகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். புரிந்ததும் என் பொறாமை போய்விடும் என்றுதானே நினைப்பீர்கள்? இரண்டு மடங்கானது. என் கணவரின் காது கேட்காமல் போனது, ஒரே வீட்டில் இருக்கும் எனக்கு முன்னால் இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. ஜாஸ்தி கோபம் யார்மேல் என்றுகூட அப்போது பிரிக்கத் தெரியவில்லை.

மறுபடியும் கையை விட்டுத் துழாவினேன். தொங்கிக்கொண்டிருந்த ஒயர் அகப்பட்டது. செருகினேன். கடலுக்குப் போகும் மீனவர்களுக்கான வானிலை கார் முழுக்க ஒலித்தது. டீயோடு வந்தவரின் தோளைத் தொட்டேன். வலது பக்கமாகப் போய், "இப்பதான் பேசுது. முன்னாடி ஒண்ணுமே வரல" என்றேன். அவர் அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு."

டீ கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டுக் கார் படியில் உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டரிடம் போகலாம் என்று அவரே சொன்னார். அண்ணன் கூட வருவதாகக் கிளம்பினார். "வேணாம், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் பெரிதாகச் சிரித்தார். "சரி தங்கச்சி. காது ஒங்களோடது" என்றார்.

அதன் பிறகு காதுக்கருவி வந்தது. வீட்டில் பேச்சு வந்தது, சண்டையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் கடைசிவரை அண்ணனுடையவையாகவே இருந்தன.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபோது ஸ்டெல்லா அக்கா என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "வசந்தா, ஒண்ணு சொல்லட்டுமா? ஒங்க வீட்டுக்காரரு மேல எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா? எங்க வீட்டுக்காரரு வாரம் பூரா எங்கிட்ட உம்முனு இருப்பாரு. ஞாயித்துக்கெழம அவுங்க வந்தாதான் வாயத் தெறப்பாரு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். துக்க வீட்டில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை உறவினர்கள் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

காரை அண்ணனின் மகன் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கதைகள் என் கணவரிடம் இருக்கின்றன. கேட்டாலும் பாதிதான் சொல்வார். அண்ணனிடமிருந்து எனக்கென்று இருப்பது ஒன்றே ஒன்று. அன்று நான் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் கணவரைப் பற்றி அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். டீயோடு வந்துகொண்டிருந்தவர் கண்ணாடி வழியாக அண்ணனின் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறார். அது என்ன என்று அன்றிலிருந்து கேட்கிறார். அடக்கம் முடிந்து திரும்பிய பஸ்ஸிலும், அழுகைக்கு நடுவே, "ஆரோக்கியம் அன்னிக்கு இன்னா சொன்னான்? இப்பவாவது சொல்லு" என்றார்.

நல்ல வார்த்தைதான். கேட்டால் அவர் இன்னும் அழுவார். ஆனாலும் சொல்லவில்லை, இங்கும் எழுதப்போவதில்லை. அண்ணன் அதை எனக்குச் சொன்னார். என்னிடமே இருக்கட்டும்.