தங்கவேலு கிராணி என்னை அறைந்த காலை

தங்கவேலு கிராணி நேற்று சாயங்காலம் போய்விட்டார். அலோர் ஸ்டார் மெர்கோங்கில், மகள் வீட்டில், தூக்கத்திலேயே...

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் மண்டபத்து வகுப்பில் இந்த வருஷம்தான் எழுதப் பழகினேன். போனில் தட்ட வரவில்லை, அதனால் தாளில் எழுதி போட்டோ பிடித்து இந்தக் குரூப்பில் போடுகிறேன்.

ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்கிறது. ஆனாலும் என் கையால் எழுதியது. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, இப்படிப்பட்ட நாளிலும்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில், இதே அலோர் ஸ்டாரில் நிலவரி ஆபீஸில் நான் பியூன். அவர் கிராணி, அதாவது கிளார்க்; எங்களுக்கெல்லாம் சூப்பர்வைசர். பெரிய கிராணிமார்கள் எஸ்டேட் பக்கம் ஓடி ஒளிந்துவிட்டார்கள். இவர் ஜப்பான் பாஷையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அந்தக் குற்றத்துக்காக இருபத்துச் சொச்ச வயதில் ஆபீஸையே அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

வரி எங்கே வசூலாகும்? கொடுக்க யாரிடம் என்ன இருந்தது? ஆள்களை எழுப்பி நிற்க வைப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை.

மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று எங்கள் எல்லோருக்கும் கால் வீங்கிக் கிடந்தது. துவான் என்று நாங்கள் சொல்லும் ஜப்பான் துரையின் கண்ணில் படாமல், ரிக்கார்டு ரூமில் பழைய கட்டுகளுக்குப் பின்னால் முறை வைத்துத் தூங்க விடுவார்.

"குறட்டை மட்டும் விடாதீங்கடா. துவான் கேட்டா அதை நான் என்னன்னு மொழிபெயர்க்கிறது?" என்பார்.

அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

அப்போது கடிகாரம் எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஓடியது. நமக்குக் கோழி கூவும் நேரம் அவர்களுக்கு ஆபீஸ் நேரம். இருட்டிலேயே வரிசையாக நின்று, அவர்கள் ராஜா இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்துக் குனிந்து கும்பிட வேண்டும்.

ஒருநாள் ஆபீஸை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். முதல் நாள் கும்பிடு, பின்பக்கத்து முற்றத்தில். மழை மூட்டம், கண் தெரியாத இருட்டு. ஜப்பான் துவானே முன்னால் நின்று குனிந்தான், நாங்களும் குனிந்தோம். அவன் காரில் ஏறிப் போய்விட்டான்.

விடிந்தது... வெயில் எங்கள் முதுகில் அடித்தது.

எதிரே பார்த்தால் கக்கூஸ்.

ராஜாவுக்கு முதுகைக் காட்டி, கக்கூஸைக் கும்பிட்டிருக்கிறோம். துவானையும் சேர்த்து.

கிராணி முகத்தில் ரத்தமே இல்லை. "யாரும் மூச்சு விடாதீங்க. நீங்க திசை மாறிக் கும்பிட்டீங்கன்னு அவன்கிட்ட யாரு சொல்றது? நீ சொல்றியா முனுசாமி?"

"நான் எதுக்குண்ணே சொல்றேன்?" என்றேன்.

"அப்ப நாளைக்கும் இதே பக்கம்தான். வாயை மூடிக்கிட்டுக் குனிங்க."

அப்படியே தினமும் குனிந்தோம். துவான் எப்போதாவது வருவான், இருட்டோடு வந்து இருட்டோடு போவான். பிழைப்பு ஓடியது.

ஒருநாள் அவன் வரப் பிந்திவிட்டது. வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. வெயில் வருவதற்குள் கும்பிடு முடியவேண்டுமே என்று எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. கிராணி அவசர அவசரமாக உத்தரவு கொடுத்தார். குனிந்தோம்.

நான் சிரித்துவிட்டேன்.

அடக்கத்தான் பார்த்தேன். மூக்கு வழியாக வந்துவிட்டது.

துவான் திரும்பி என் முன்னால் வந்து நின்று கத்தினான். அதற்கு முந்தின வாரம்தான், கும்பிடுக்கு லேட்டாக வந்தான் என்று ஒரு பியூனை சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் திரும்பி வரவே இல்லை.

"எதுக்குச் சிரிச்சேன்னு கேக்கிறாரு," என்றார் கிராணி.

நான் வாயைத் திறந்தேன். பேச்சு வருவதற்குள் கன்னத்தில் விழுந்தது அறை. துவான் கையில்லை, கிராணி கை. கீழே விழுந்தேன். எழுந்ததும் இன்னொன்று.

பிறகு அவனிடம் ஏதோ சொன்னார். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

"மூளை சரியில்லாதவன்னு சொல்லியிருக்கேன்," என்றார் எனக்கு மட்டும் கேட்க. "இனி அவன் வர்றப்பல்லாம் வாயைப் பொளந்துகிட்டு நில்லு."

நின்றேன். பிறகு ஜப்பான்காரன் எங்கள் ஊரைச் சயாமுக்குக் கொடுத்ததில் சயாம்காரர்கள் நிர்வாகத்துக்கு வந்தார்கள், அதன்பின் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். மற்ற பியூன்கள் அதற்கப்புறமும் என்னைப் பார்த்தால் வாயைப் பிளந்து காட்டுவார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இடது காது மந்தம். அவரும் நானும் பென்ஷன் வாங்கும்வரை அதே ஆபீஸில்தான் இருந்தோம். அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனால் என்னிடம் வேலை சொல்ல வேண்டுமென்றால் மேசையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்துதான் சொல்வார். புதிதாக வந்த கிளார்க்குகள் பார்த்துச் சிரிப்பார்கள்.

போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கையைப் பிடித்துக்கொண்டு முதல்தடவையாக அந்தப் பேச்சை எடுத்தார்.

"முனுசாமி... அன்னைக்கு நான் அடிக்கலேன்னா நீ கக்கூஸ் விஷயத்தைச் சொல்லியிருப்பே, இல்லே? அதை நெனச்சுத்தானே சிரிச்சே?"

கண் என் முகத்தையே பார்த்தது.

"ஆமா கிராணி. அதை நெனச்சுத்தான். சொல்லியிருப்பேன்."

"அப்ப சரிலா," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை.

கிராணி, நான் சொன்னது பொய்.

அன்றைக்கு ஒரு கோழி வந்தது. துவான் குனியும்போது அவன் பூட்ஸ் பக்கத்தில் அதுவும் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. அவ்வளவுதான். கக்கூஸ் ஞாபகமே எனக்கு வரவில்லை.

கை ஓய்ந்துவிட்டது.

நல்லபடியாகத் தூங்குங்கள் கிராணி.