முதுகைக் காட்டிக் கேட்ட கேள்வி

இன்று காலை தோட்டக்காரர் வேலியோரத்து ஊமத்தைச் செடிகளை வெட்டிப் போட்டார். அந்தப் பச்சை வாடை என்னை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ராசிபுரத்துக்குக் கொண்டுபோனது. ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசிய கரும்பலகை முன்னால் அம்மா நின்றிருந்தார்.

அம்மா மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நானும் அதே வகுப்பு. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. அடுத்த முறையும் பதில் வராவிட்டால் வேலை போய்விடும் என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்திருந்தார்.

பக்கத்து வகுப்பிலோ பிள்ளைகளின் குரல் ஓயாது. அம்மா அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தார். பாடம் நடத்திய ராஜம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"அக்கா, நீங்க வந்து உக்காந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குதுங்க."

"நீ பாட்டுக்கு நடத்து சாமி."

ராஜம்மாள் கேள்வி கேட்டதும் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையை மெதுவாகத் துடைத்தார். டீச்சரின் முகம் மறைந்ததும் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அம்மா, "ஒரு சேலை நெய்ய மூணு நாளு. ஏழு சேலைக்கு?" என்று கேட்டுவிட்டு, அவருக்கும் சேர்த்தே முதுகைக் காட்டிப் பலகையைத் துடைத்தார். இன்ஸ்பெக்டரின் முகம் கோபத்தில் சிவந்தது.

அதுவரை பேசியே இராத பாவாயி சொன்னாள்: "இருவத்தொண்ணுங்க டீச்சர். நடுவால அமாவாசை வந்தா எங்கூட்ல தறி ஓடாதுங்க. அப்ப இருவத்திரண்டு."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "இந்த முறையை எந்தப் பயிற்சிப் பள்ளியில் கத்துக்கிட்டீங்க?"

"பக்கத்துக் கிளாசுலீங்க," என்றார் அம்மா. "ராஜம்மாகிட்ட."

அம்மாவின் வேலை தப்பியது. ஆனால் இத்தனை வயதிலும் நான் பெருமையோடு பிறரிடம் சொல்வது, அந்த நேரத்தில் அவர் சொன்ன பெயரைத்தான்.