மேஸ்திரியின் ஏவல்

பாகூர் தேவநாதன் போன தை மாதம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த வயலிலேயே மாரடைப்பில் விழுந்து இறந்தார். வெட்டு மேஸ்திரி. வரப்பில் நின்றுகொண்டு, "வெட்டு... கட்டு... தூக்கு" என்று ஒற்றைச் சொல்லில்தான் பேசுவார். எல்லாரையும் அப்படி ஏவமாட்டார். தன்னிடம் அட்வான்ஸ் வாங்கிய ஆட்களை மட்டும்தான். வாங்காதவன் கூலிக்கு வந்தால், "பாத்து அடியோட வெட்டுபா" என்பார். வாங்கியவனுக்கு அந்த 'பா' கிடையாது. ஆட்களும் அது தெரிந்தேதான் கைநீட்டினார்கள்.

அவர் ஏவி நடக்காத ஒரே ஆள் மகள் ரஞ்சனி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். ஸ்பெயினில் காற்றாலை பராமரிக்கும் வேலைக்கு மனு போட்டுவிட்டு ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தாள். மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளும்போதும் காதில் ஒயர், வாயில் பாடம்.

"கோர்த்தார்னா வெட்றது. கடைசி எழுத்த எட்த்துட்டா கோர்த்தா. வெட்டு. பரார்னா நிறுத்தறது. பாரா. நிறுத்து. அப்ரீர்னா தெறக்கறது. 'ஈர்'னு முடிஞ்சா அத எட்த்துட்டு 'ஏ' போடணும். அப்ரே. தெற."

"இன்னாடி, வெள்ளக்காரன ஏவறதுக்கா கத்துக்கற?"

"அவங்க சொல்றது புரியணும்ல."

"அப்ப ஏவல் வாங்கறதுக்கு. அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? நான் சொல்றத கேளு, சோறும் போடறேன்."

அவள் ஒயரை மறுபடி காதில் செருகிக்கொண்டாள். அவள் பாடம் படிப்பதைக் கேள்விப்பட்ட வெட்டு ஆள் குப்பு, வயலில் அதையே பிடித்துக்கொண்டான். "மேஸ்திரி, உம் பொண்ணுக்கு வேற மேஸ்திரி கெடச்சுட்டான் போல." கூட்டமே சிரித்தது. தேவநாதனுக்கு அது உள்ளே கிடந்து எரிந்தது. மகள் போகக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. தேவநாதன் வந்து கதவருகே நின்றார். போனில் ஒரு தாடிக்காரன். "அப்ரே" என்றான், ரஞ்சனி டூல்ஸ் பெட்டியைத் திறந்தாள். "லெவாந்தா" என்றான், ஸ்பானரைத் தூக்கிக் காட்டினாள். "லேயே" என்றான், அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். அப்பன் கதவைச் சாத்தச் சொன்னால்கூட ஏன் என்று கேட்பவள்.

எல்லாம் மொட்டைச் சொல். தனக்குத் தெரியாமல் அவனிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

போனை மறித்து நின்று கத்தினார். "பாரா!"

தாடிக்காரன் அப்படியே நிறுத்தினான். இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"எவ்ளோ வாங்கன அவன்கிட்ட?"

"இன்னாத்த வாங்கனன்?"

"அட்வான்ஸு. வாங்காமதான் இப்டி ஏவறானா?"

"அங்க எல்லாரும் எல்லாரயும் அப்டித்தாம்பா சொல்லுவாங்க."

"எந்த ஊர்லயும் சொல்லமாட்டான். புளுகாத."

"வெளிய போ," என்றாள் ரஞ்சனி.

அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. போனார். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே தாடிக்காரனின் குரல் மறுபடி கேட்டது. அவள் ஏதோ சொல்ல, அவன் சிரித்தான்.

வேலை கிடைத்தது. அதன்பிறகு தேவநாதன் அவளை எதுவும் செய்யச் சொல்லவில்லை. பசித்தால் தானே சோறு போட்டுத் தின்றார். சட்டையைத் தானே துவைத்துக் காயவைத்தார்.

கார் வந்த காலையில் அவள், "அப்பா, பெட்டிய தூக்கி வை" என்றாள்.

தூக்கினார். டிக்கியில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கார் கிளம்பும் முன்பே வயலுக்கு நடந்தார்.